மிச்சத்தை வந்து அளக்கிறேன்

தெருவறையின் கிழக்குச் சுவரில் ஈரமாக ஓர் உள்ளங்கை பதிந்திருப்பதைப் பார்த்ததும் வீரையா முதலில் மணலைத்தான் திட்டினான். தீவில் வீடு கட்டுகிறவன் எதற்கெடுத்தாலும் மணலைத் திட்டலாம். அது திருப்பித் திட்டாது. எத்தனை முறை நல்ல தண்ணீரில் அலசினாலும் உப்பு உள்ளே பதுங்கியிருந்து, மழைக்காலம் வந்ததும் சுவரில் பூத்துக் காட்டும். நாய் மாதிரி, தேங்காய் மாதிரி, ஒருமுறை ஒரு ஹெட்மாஸ்டர் வீட்டில் அசல் ஹெட்மாஸ்டர் மாதிரியே பூத்ததை அவன் பார்த்திருக்கிறான். இது கை மாதிரி பூத்திருந்தது. ஐந்து விரலும் விரிந்து, நன்றாக அழுத்தி வைத்தாற்போல. அவன் தோளுக்கு ஒரு சாண் மேலே.

பழைய வேட்டித் துணியால் துடைத்தான். ஈரம் போய்விட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். துணியை மோந்து பார்த்தான். சுண்ணாம்பு நெடி இல்லை. வெயிலில் உலர்த்தாமல் சுருட்டிக் கட்டிய வலையின் வாசம், அடியில் அழுகிய பாசியோடு.

திரும்பினான். எதிர்ச்சுவரில், அதே உயரத்தில், இன்னொரு கை.

கிழக்கில் இருந்தது வலது. மேற்கில் இருந்தது இடது. ஒருவன் கடலைப் பார்த்து நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்துச் சுவர்களைத் தொட்டால் எப்படிப் பதியுமோ அப்படி. ஆனால் சுவருக்குச் சுவர் ஒன்பதரை அடி. அது வீரையாவுக்குத் தெரியும். அந்த ஒன்பதரை அடியைப் பிடுங்க அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

“உப்பு,” என்று சத்தமாகச் சொன்னான். கேட்க ஆள் இல்லாத வீட்டில் சத்தமாகச் சொன்னால் கொஞ்சம் நம்பிக்கை வரும்.

ஊரில் அவனுக்கு ‘ஒடுக்கு ஓவர்சியர்’ என்று பெயர். ஓவர்சியர் என்பது ஊர் கொடுத்த பதவி உயர்வு; அவன் வெறும் டிராப்ட்ஸ்மேன். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு மாடிப்படிக்கு அடியில் ஆபீஸ். பிளான் போட வந்தவர் உட்கார்ந்தால் வீரையா எழுந்து நிற்க வேண்டும். ரயிலை மட்டுமே நம்பிக் கிடந்த தீவுக்கு ரோட்டுப் பாலம் வந்ததும் மனைக்கு மவுசு ஏறி, அண்ணன் தம்பிகள் நிலத்தை வாழை நாரைப்போல நீளவாக்கில் கிழித்து விற்றார்கள். எல்லாருக்கும் முன்னால் தெரு வேண்டும், பின்னால் கடல் வேண்டும். நடுவில் மனுஷன் வாழ முடியுமா என்பதை மட்டும் வீரையாவிடம் விட்டுவிட்டார்கள்.

அவன் முடியும் என்றான். அதுதான் அவன் தொழில். திறக்க இடம் தின்னும் கதவுக்குப் பதிலாக ஓரமாக இழுக்கிற கதவு. மாடிப்படியின் வயிற்றுக்குள் அலமாரி. நடுக்கூடத்துக்கு மேலே கண்ணாடி ஓடு. சூரியன் கூரை வழியாக இறங்கி வரட்டும். தெருவாசலையும் கடல்வாசலையும் ஒரே நேராக வைத்தால் காற்றுக்குச் செலவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கொள்கை உண்டு: நடைபாதை கூடாது. “நடக்கிறதுக்குன்னு தனியா ஒரு எடமா? அது வசதியுள்ளவன் வியாதி. அறை வழியாத்தான் அறைக்குப் போகணும். வழியை ஒழிச்சாப் போதும், வீடு தானா அகலும்,” என்பான். வந்தவர்கள் தலையாட்டுவார்கள். அந்த ஆபீஸில் தலையை மட்டும்தான் ஆட்ட முடியும்.

தனக்கென்று ஒரு மனை தங்கச்சிமடத்தில் சல்லிசாகக் கிடைத்தபோது அவன் ஏன் சல்லிசு என்று கேட்கவில்லை. விற்றவர் எட்வர்ட். தூத்துக்குடிப் பக்கம் மச்சான் வீட்டோடு போய்விடப் போவதாகச் சொன்னார். முப்பது வயசு தாண்டிய ஒல்லியான மனிதர். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை. மனையின் மேற்கே அவர் குடிசை, அதற்கும் மேற்கே அவருடைய அண்ணன் செபஸ்தியான் வீடு. குடிசைக்குக் கிழக்கே வெறும் மணல். தெருவிலிருந்து கடல் வரைக்கும் பெருக்கி விட்டாற்போலச் சுத்தம். அடம்பங்கொடிகூட அதன் ஓரத்தில் வந்து நின்றுகொண்டது.

“எங்கய்யா பாகக் கணக்குல அளந்த எடம் சார்,” என்றார் எட்வர்ட். ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்தால் விரல்நுனிக்கு விரல்நுனி ஒரு பாகம். கயிறையும் கடலின் ஆழத்தையும் அந்தக் கரையில் அப்படித்தான் அளப்பார்கள். “குடிசை நிக்கிற வரைக்கும் ஒரு பாகம். அதுக்கு அங்கிட்டு மிச்சம்.”

“மிச்சம் எத்தனை பாகம்?”

“அது அளக்கலை.”

வீரையா சிரித்துவிட்டான். பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்து, “இந்தா, இப்ப அளந்துருவோம். இந்த நுனியைப் பிடிங்க,” என்றான்.

எட்வர்ட் கையைக் கட்டிக்கொண்டார். “அது மட்டும் நான் பிடிக்க மாட்டேன் சார். அங்கன நுனி பிடிக்க என்னால ஏலாது.”

“நான் பிடிக்கிறேன்யா!” என்று முத்தழகு ஓடிவந்தாள். வீரையாவின் ஒரே மகள். அப்போது ஒன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். மிச்சத்தின் ஓரத்தில் மண்டிபோட்டு, டேப்பின் வளையத்தை விரலில் மோதிரம்போல மாட்டி, நாக்கைத் துருத்திக்கொண்டு அசையாமல் பிடித்தாள். எட்வர்ட் அவளையே பார்த்தார். ஓர் அடி பின்னுக்கு நகர்ந்துகொண்டார்.

பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போதுதான் வீரையா கவனித்தான், எட்வர்டின் முழுக்கைச் சட்டை முழங்கையைத் தாண்டியதும் தீர்ந்துபோயிருந்தது. யாருடைய சட்டையையோ இரவல் வாங்கியிருக்கிறார், பாவம். புதுச்சட்டை ஒன்று எடுத்துக் கொடுக்கலாமா என்றுகூடத் தோன்றியது. கேட்கக் கூச்சமாக இருந்தது, விட்டுவிட்டான்.

குடிசையைப் பிரித்து, மிச்சத்தையும் சேர்த்து, ஓர் அங்குலம் வீணாக்காமல் கட்டினான். கிழக்குச் சுவரோரம், மாடிப்படிக்குக் கீழே, ரயில் பெர்த்துபோல முத்தழகுக்கு ஒரு படுக்கை மாடம். அதற்குத் தனி விளக்கு, தனி அலமாரி, இழுத்து மூடத் திரை. வீரையா கடலாடிப் பக்கத்துக் குடிசை ஒன்றில் அண்ணன் காலை முகத்தில் வாங்கிக்கொண்டு தூங்கி வளர்ந்தவன். தன் பிள்ளை காலை நீட்டிப் படுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தத் தொழிலையே கற்றுக்கொண்டதாக அவனுக்கு ஒரு நினைப்பு. அவன் மனைவி செவ்வந்தி இரண்டாவது பிரசவத்துக்குக் கடலாடிக்குப் போகும்போது, அரைப்பரீட்சை முடியட்டும் என்று முத்தழகை அவனிடமே விட்டுப் போனாள். பஸ் ஏறுகையில், “வீட்டைப் பாத்துக்கிட்டே பிள்ளையை விட்டுறாதீக,” என்றாள். அவளுக்குத் தெரியும், அவன் தன் வீட்டைத் தானே வேடிக்கை பார்க்கிறவன்.

செவ்வந்தி ஊருக்குப் போன பிறகுதான் உப்பு, கைபோலப் பூக்க ஆரம்பித்தது.

துடைத்தால் மறுபடி வந்தது. எப்போதும் ஜோடியாக. எப்போதும் எதிரெதிரே. முதலில் தெருவறையில், அப்புறம் கூடத்தில், ஓர் அடி வடக்கே, இன்னும் ஓர் அடி வடக்கே, யாரோ கடலைப் பார்த்து மெல்ல நகர்ந்துகொண்டே போவதுபோல. வீரையா ஒரு சாயங்காலம் கூடத்து நடுவில் நின்று கைகளை விரித்துப் பார்த்தான். தோள் கழன்றுவிடும்போல இழுத்தும் இரண்டு பக்கமும் முழங்கை நீளத்துக்கு இடம் மிச்சமிருந்தது.

“என்னய்யா, சேசு மாதிரி நிக்கிறீக?” என்றாள் முத்தழகு. கான்வென்ட் பள்ளிக்கூடம்.

“பாவத்தைச் சுமக்கிறேன்டி. ஒங்கம்மா வந்ததும் இறக்கி வச்சிருவேன்.”

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, “எட்டலையா? அந்தத் தாத்தாவுக்கும் எட்டலை,” என்றாள்.

“எந்தத் தாத்தா?”

“கோடு போடச் சொல்ற தாத்தா.” திரையை விலக்கி மாடத்துச் சுவரைக் காட்டினாள். பென்சில் கோடுகள். நிமிர்ந்த, நேரான, ஒரு டிராப்ட்ஸ்மேன் பெற்ற பிள்ளை போட்ட கோடுகள். “கை முடியிற எடத்துல கோடு போடணும். போட்டா, மறுபடி முதல்லயிருந்து அளப்பாக.”

பள்ளிக்கூடம் விட்டு வந்து, பக்கத்து வீட்டு ஆணியிலிருந்து சாவியை எடுத்து, அவன் பஸ்ஸில் வந்து இறங்கும் வரைக்கும் இந்த வீட்டில் அவள் தனியாக இருக்கிறாள். பிள்ளை என்றால் ஒரு விளையாட்டு வேண்டும். இல்லாத தாத்தா ஒருவரை உண்டாக்கிக்கொண்டது. வீரையா அப்படித்தான் முடிவு கட்டினான். தாத்தா பேச்சை விட்டுப் பென்சிலைப் பற்றிப் பேசினான். சுவரில் கிறுக்கினால் செவ்வந்தி வந்து இரண்டு பேரையும் சேர்த்து வெள்ளையடித்துவிடுவாள் என்றான். அன்றைக்கு அவளைத் தன் பக்கத்திலேயே படுக்கவைத்தான். “காலை நீட்ட எடமில்லைய்யா,” என்று அவள் முனகினாள்.

அடுத்த மழை நாள், இருட்டுகிற நேரம், கரண்டு போயிற்று. வீரையா சுவரிலிருந்து மடக்கி இறக்கும் மேசையில் ஒரு பிளானை விரித்து, அரிக்கேன் விளக்கை ஏற்றி வைத்து உட்கார்ந்திருந்தான். முத்தழகு மாடத்துக்குள், திரைக்குப் பின்னால், வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். ஓட்டில் மழை பொரிந்துகொண்டிருக்க, கடல்வாசல் கதவின் இடுக்கில் காற்று நுழைந்து வீடு முழுவதையும் புல்லாங்குழல்போல ஊதிக்கொண்டு தெருவாசல் வழியாக வெளியேற, சுவரிலும் துணியிலும் விரித்த காகிதத்திலும் பிசுபிசுவென்று ஈரம் ஏறிக்கொண்டிருக்க, அவன் அதையெல்லாம் ஒரு தகப்பனின் பெருமையோடுதான் கேட்டுக்கொண்டிருந்தான்: ஒடுக்கமான வீடு, ஆனாலும் காற்று நிற்காத வீடு. அப்போது அந்தக் காற்றுக்குள், அதன் வேகத்தோடு சேராமல், வேறு ஒரு சத்தம் வந்தது.

தப்.

உள்ளங்கையைப் பூச்சுச் சுவரில் வைக்கிற சத்தம். தெருவறையில்.

பிறகு, ஈரத்துணியைத் தரையில் இழுப்பதுபோல ஒரு நீளமான இழுவை.

தப்.

முத்தழகு வாய்ப்பாட்டை நிறுத்தியிருந்தாள்.

வலை வாசம் முதலில் வந்தது. அப்புறம் விளக்கின் சுடர் சாய்ந்தது, காற்றுக்கு எதிர்ப்பக்கமாக. வீரையா தலையைத் திருப்பவில்லை. திருப்பினால் தெருவறை வாசல் தெரியும். வாசலுக்குக் கதவு கிடையாது. கதவு இடத்தை அடைக்கும் என்று அவன்தான் வைக்கவில்லை. அந்தப் பக்கம் எலும்பு மூட்டு ஒன்று நெட்டி முறிந்தது. மெதுவாக. இன்னும் ஒன்று. இன்னும் ஒன்று. ஒரு கைக்கு அத்தனை மூட்டு இருக்க முடியாது.

நின்றது. அவனுக்குப் பின்னால்.

திரைக்குள்ளிருந்து முத்தழகு, தூக்கக் குரலில், யாருக்கோ பதில் சொன்னாள்: “இல்ல தாத்தா. இன்னும் எட்டலை.”

கரண்டு வந்துவிட்டது. வெளிச்சத்தில் ஒன்றும் இல்லை. மேசையில் விரித்திருந்த பிளானின் மேல் இரண்டு ஓரத்திலும் ஈரம் இருந்தது, ஓடு ஒழுகியிருக்கும். வீரையா எழுந்து, மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, விடியும்வரை தெருவாசலிலேயே உட்கார்ந்திருந்தான். ஒழுகாத ஓடு என்று அதை அவன் எத்தனை பேருக்குச் சிபாரிசு செய்திருக்கிறான்.

கடலாடிக்குப் போய்விடலாம் என்று அன்றே நினைத்தான். ஆனால் கடைசிப் பரீட்சை ஒன்று மிச்சமிருந்தது. நிறைமாதக்காரியிடம் போய் என்னவென்று சொல்வது? நம் வீட்டில் உப்பு பூத்திருக்கிறது என்றா? இன்னும் ஒரு நாள்தான். வீரையா தன்னைத்தானே ஏய்ப்பதில் ஒடுக்கு மனைக்குப் பிளான் போடுவதைவிடக் கெட்டிக்காரன்.

அந்த நாளும் கழிந்து, கடைசிப் பரீட்சையன்று காலையில் அவன் பயம் ஒரு நொடியில் கரைந்தது. கூடத்துச் சுவரில் புதுக் கைகள். ஆனால் சின்னக் கைகள். அவன் இடுப்புக்குச் சற்று மேலே, ஒரு பிள்ளையின் தோள் உயரத்தில், குண்டு விரல்களோடு, எதிரெதிரே.

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது, நிம்மதியில். “அடி கள்ளி, நீதானா? ஓவர்சியரையே ஏமாத்திட்டியே!” என்று அவள் கன்னத்தைக் கிள்ளினான். அவள் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றாள்.

“அய்யா, சட்டை சின்னதாப் போச்சு.”

முழங்கைக்குக் கீழே வரவேண்டிய சட்டைக் கை, முழங்கைக்கு மேலே நின்றது. துவைத்ததில் சுருங்கியிருக்கும். இல்லாவிட்டால் பிள்ளை வளர்ந்திருக்கும். தாய் இல்லாத நாளில்தான் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியாமல் வளரும். “புதுசு எடுத்துருவோம்,” என்று சொல்லி, ரிப்பனைக் கட்டிவிட்டு, பரீட்சை அட்டையைக் கையில் கொடுத்து அனுப்பினான்.

ராமநாதபுரம் பஸ்ஸில், பாலத்தின் மேல், கடல் சாம்பல் நிறத்தில் கொந்தளித்துக்கொண்டிருந்தபோது, அவன் தொழில்புத்தி வேண்டாத வேலை பார்த்தது. விளையாடுகிற பிள்ளை ஒரு சுவருக்குப் போய்க் கையை வைக்கும், அப்புறம் அடுத்த சுவருக்குப் போகும். எந்தக் கை, எந்த உயரம் என்றா பார்க்கும்? அந்த இரண்டு கைகளுக்கும் நடுவே நூல் பிடித்தால் ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கும். கிழக்கே வலது. மேற்கே இடது. சட்டைக் கை.

அவன் ஆபீஸைத் திறக்கவே இல்லை. புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள், பாலத்தை மூடப்போகிறார்கள் என்று பஸ் ஸ்டாண்டில் பேச்சாக இருந்தது. தீவுக்குத் திரும்பும் கடைசி பஸ்ஸின் படியில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். வானம் மதியத்திலேயே அந்திபோல் கிடந்தது.

முத்தழகு செபஸ்தியான் வீட்டில் பத்திரமாக இருந்தாள். பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டிருந்தது. செபஸ்தியானின் மனைவி புஷ்பமேரி அவளை முன்னறையில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்திருந்தாள். இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள் பிள்ளை. கைகளைத் துண்டால் போர்த்தியிருந்தது. குளிராக இருக்கும்.

“வாங்க தம்பி, நனைஞ்சு கோழிக்குஞ்சாட்டம் வாரீக. எங்க வீட்டுக்காரரு வள்ளத்தை மேடேத்தப் போயிருக்காக. உள்ள வாங்க, கருப்பட்டிக் காப்பி தாரேன்.”

அடுப்படியில் நின்றுகொண்டு, பிள்ளைக்குக் கேட்காத குரலில் கேட்டான். “அக்கா, எங்க மனையில மிச்சம் மிச்சம்னு எட்வர்ட் சொன்னாரே... அது என்ன?”

கரண்டி நின்றது. “ஒங்ககிட்டச் சொல்லலையா?”

“அளக்கலைன்னு சொன்னாரு.”

“அம்புட்டுத்தான் சொன்னானா? படுபாவிப் பய.” புஷ்பமேரி அடுப்பைத் தணித்தாள். “எங்க மாமனார் சந்தியாகு, தனுஷ்கோடியில இருந்தவுக. இங்கன எடம் வாங்கி, எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு பாகம் அளந்து விட்டாக. நான் கல்யாணமாகி வந்த புதுசு. அப்புறம் எட்வர்டுக்கு ஒரு பாகம் அளந்தாக. அவன் சின்னப்பய, கை முடியிற எடத்துல நின்னு குச்சி நடுறது அவன் வேலை. அதுக்குள்ள காத்து ஒரு மாதிரி திரும்பிருச்சு. வலையும் சாமானும் அங்கன கெடக்கு, எடுத்தாந்துர்றேன்னு கெளம்பினாக. ‘ஏலே எட்வர்டு, நுனியை விட்டுறாம அங்கனயே நில்லுலே, மிச்சத்தை வந்து அளக்கிறேன்’னாக. அன்னிக்கு ராத்திரிதான் தனுஷ்கோடியே போச்சு.”

“அப்புறம்?”

“ஒடம்பு கெடைக்கலை. பூசை வச்சோம். மிச்சத்துல யாரும் கால் வைக்காமக் கூட்டி வச்சோம். வருவாகன்னு இல்ல தம்பி, வந்தா கோவிக்கக் கூடாதேன்னு. சொன்னதை முடிக்காம விடுற மனுசன் இல்ல அவுக.”

“நாளைக்கே இடிச்சுர்றேன்க்கா. சுவரை இடிச்சு மணலாவே விட்டுர்றேன்.”

“இடிச்சு என்ன செய்ய? அவுகளுக்குச் சுவரா வேணும்? நுனி பிடிக்க ஆளுதான் வேணும். பிடிச்ச ஆளை விடமாட்டாக.” அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அவுகளுக்குக் கை எட்டலைன்னா, பிடிச்ச ஆளு கையைத்தான்... நீங்க எட்வர்டு கையைப் பாத்தீகள்ல?”

பார்த்திருந்தான். பாவம் என்று நினைத்திருந்தான்.

முன்னறைக்கு ஓடிவந்தான். தம்ளர் தரையில் இருந்தது. துண்டு நாற்காலியில் கிடந்தது. ஆணியில் சாவி இல்லை.

தெருவில் மழை சாய்ந்து அடித்தது. இரண்டு வாசலுக்கும் நடுவே எத்தனை தூரம் இருந்துவிடப் போகிறது? அவன் விழுந்து எழுந்து ஓடினான். இழுவைக் கதவு பாதி திறந்திருந்தது. உடம்பை ஒருக்களித்து நுழைந்தான். தெருவறை. வலை வாசம். ஈரத்தரை. நேர்கோட்டில், அந்தக் கோடியில், கடல்வாசல் அகலத் திறந்து கிடந்தது. சாம்பல் வெளிச்சம். காற்று வீட்டை ஊதியது.

கூடத்தின் நடுவில் முத்தழகு நின்றாள்.

கடலைப் பார்த்து. அவனுக்கு முதுகைக் காட்டி. அவன் காலையில் கட்டிய ரிப்பன், ஒன்று அவிழ்ந்து. கைகளை விரித்து.

சட்டைக் கை தோளருகிலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கை. முழங்கை. அதற்குப் பிறகும் கை. மெலிந்து, வெளிறி, நனைந்த கயிறுபோல நடுவில் லேசாகத் தொய்ந்து. வலது உள்ளங்கை கிழக்குச் சுவரில். இடது உள்ளங்கை மேற்குச் சுவரில். குண்டு விரல்கள். முழுசாக. தட்டையாக.

“முத்து,” என்றான்.

“அய்யா.” அவள் திரும்பவில்லை. திரும்ப முடியாது. “எட்டிருச்சுய்யா. நம்ம வீடு மொத்தமே ஒரு பாகந்தான்.”

அவளைத் தாண்டி முன்னால் போய் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தான். போக இடமில்லை; குனிந்து நுழைந்தால் முதுகு பட்டு அந்தக் கை அறுந்துவிடும்போல இருந்தது. சுவருக்குச் சுவர் அவள் கை. சுற்றிப் போக ஒரு வழி, ஒரு சந்து, ஒரு நடைபாதை இல்லை.

“கை வலிக்கிதுய்யா,” என்றாள். அழுகிற குரல். அவன் பிள்ளையின் குரல்தான். “முடியிற எடத்துல கோடு போட்டா விட்டுருவாகளாம். நீங்க போடுங்கய்யா.”

போட்டால் மறுபடி முதலிலிருந்து அளப்பார்.

கடல்வாசலுக்கு வெளியே, மழைக்குள், தப் என்று ஒரு சத்தம். ஈரத்தை இழுக்கும் சத்தம்.

வீரையாவின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பென்சில் இருந்தது. எப்போதும் இருக்கும். கிழக்குச் சுவரில் அந்தச் சின்ன விரல்கள், பூச்சை விடாமல் பற்றிக்கொண்டு, அவன் வருவதற்காகக் காத்திருந்தன.